தண்ணி வேணுமா, கண்ணு?

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில் பி.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் சும்மாவேதான். நல்ல இடம் அமையும் என்று அப்பாவும், வேலைக்கு கார்டு வரும் என்று நானும் ஆளுக்கொரு பக்கம் காத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு எங்கள் பக்கம் வந்தது. திண்டிவனம், விழுப்புரம் சுற்றுவட்டாரத்து ஊர்களில் சரியாகப் பேசாத, யாரோடும் ஒட்டாத குழந்தைகளைத் தேடிப்பிடித்து விவரம் எழுத வேண்டும், அதற்கு ஊர்ப் பேச்சு தெரிந்த படித்த பெண்கள் வேண்டும் என்றார்கள். போய் நின்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

விழுப்புரத்தில் இரண்டு நாள் பயிற்சி. குழுவின் தலைவர் ஒரு டாக்டர். ஐம்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசாத மனிதர். ஆட்டிசம் என்ற சொல்லை அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். இப்படிப்பட்ட குழந்தை தனக்குள்ளேயே இருந்துவிடும், கூப்பிட்டால் திரும்பாது, முகத்தைப் பார்க்காது என்றெல்லாம் விளக்கினார். ஏன் சார் அப்படி ஆகிறது என்று ஒரு பெண் கேட்டாள். தாய் பாசம் காட்டாமல் விலகியே இருந்தால் குழந்தையும் உள்ளே போய் ஒடுங்கிவிடும் என்று புத்தகங்களில் இருப்பதாகச் சொன்னார். நாங்கள் எல்லோரும் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டோம். எனக்கு அந்தக் காரணம் உடனே பிடித்துப்போனது. இருபத்திரண்டு வயதில், பிள்ளை பெறாத ஒருத்திக்கு அம்மாக்களைக் குற்றம் சொல்வதைவிட சுலபமான வேலை உலகத்தில் கிடையாது.

எங்களிடம் கொடுத்த படிவத்தில் நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று போட்டு கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். ஏதாவது புதிதாகத் தெரிந்தால் எழுதுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதில் ஒன்றும் எழுதியதே இல்லை. மற்ற பெண்கள் ஒரு நாளில் நாலு வீடு முடித்தால் நான் ஏழு வீடு முடிப்பேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நான் அந்த வீட்டுக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துப் பாடுபடும் குடும்பம். குழந்தையின் அம்மாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்து வேர்க்கடலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, சுவரோரமாக ஆறு வயதுப் பெண் குழந்தை முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது. கையில் பையும் படிவமுமாக வந்த என்னை அந்த அம்மா, "வாங்க டீச்சரம்மா" என்றாள். நான் டீச்சர் இல்லை என்று திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

குழந்தை பேசுமா என்று கேட்டேன்.

"பேசுவா. நாம சொல்றதையே திருப்பிச் சொல்லுவா. அவளுக்குத் தாகம் எடுத்தா எங்கிட்ட வந்து, 'தண்ணி வேணுமா கண்ணு'ன்னு கேப்பா. நான் கேக்கறதையே கேக்கறா, அவ்ளோதான். அப்ப நாம தண்ணி மொண்டு குடுக்கணும்."

இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழந்தை எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றது. என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தது. பாடம் ஒப்பிக்கிற மாதிரி, அம்மாவின் அதே இழுப்போடு, "தண்ணி வேணுமா கண்ணு?" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேணாம் பாப்பா" என்றேன். அந்த அம்மா எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து குழந்தையின் கையில் கொடுத்தாள். குழந்தை கடகடவென்று குடித்துவிட்டுத் திரும்பவும் சுவரோரம் போய் ஆட ஆரம்பித்தது. இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. இதற்குமேல் எனக்கு யார் என்ன விளக்கியிருக்க முடியும்?

ஆனால் படிவத்தில் 'குழந்தை பேசுமா' என்று இருந்தது. ஆம் என்று போட்டேன். 'கேள்விகள் கேட்குமா' என்று இருந்தது. அதற்கும் ஆம் என்று போட்டேன்.

தாய் குழந்தையை அணைத்துக் கொஞ்சுவது உண்டா என்பது இன்னொரு கேள்வி. தொட்டாலே கத்துவாள், நெருப்பு பட்ட மாதிரி துடிப்பாள், அதனால் தொடாமல் பக்கத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பேன் என்று அந்த அம்மா சொன்னாள். குழந்தை தூங்கின பிறகு மட்டும் அதன் பாதத்தில் கையை வைத்துக்கொண்டு படுப்பாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் வெட்கம். நான் இல்லை என்று போட்டேன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

பத்து நாள் கழித்து டாக்டரே அந்த ஊருக்கு வந்தார். படிவத்தைப் பார்த்திருந்தார். அம்மா இங்கே, குழந்தை அங்கே என்று இரண்டு முழ இடைவெளியில் இருவரும் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். ஆங்கிலத்தில் தன் உதவியாளரிடம் ஏதோ சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, விழுப்புரத்தில் தங்களுக்குத் தெரிந்த ஒரு குழந்தைகள் விடுதி இருக்கிறது, மூன்று மாதம் அங்கே வைத்துப் பார்க்கலாம், அதுவரை தாய் வந்து பார்க்கக் கூடாது, இதை அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்றார்.

நான் சொன்னேன். ஊர்ப் பேச்சு தெரிந்தவள் இல்லையா, நன்றாகவே சொன்னேன். என்ன நோய் என்று அவள் கேட்டாள். ஆட்டிசம் என்றேன். "ஆடிக்கினே இருக்கறதால அந்தப் பேரா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேனே தவிர, பெயர் எப்படி வந்தது என்று எனக்கும் தெரியாது. அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நான் பக்கத்துல இருக்கறதாலதான் கெட்டுப்போறாளா?" என்றாள்.

அந்த இடத்தில், 'இல்லை' என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, அக்கா, நீங்க கொஞ்சம் பாசமா இருந்திருக்கலாம், அவ்வளவுதான், இப்ப பெரிய டாக்டரே பாத்துக்கறேன்னு சொல்றாரு என்று தேன் தடவிப் பேசினேன். அவள் தலையை ஆட்டிச் சம்மதித்துவிட்டாள். பெரிய டாக்டரை நம்பி இல்லை, என்னை நம்பித்தான்.

கூட்டிக்கொண்டு போன நாள் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. குழந்தையின் அப்பாவும் நானும்தான் போனோம். அம்மா வரக் கூடாது என்பதால் பஸ் நிறுத்தம் வரைக்கும்தான் வந்தாள். நகம் வெட்டினால் கத்துவாள், தூங்கும்போது வெட்டச் சொல்லுங்க. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசையாமல் தனியாக வைக்கச் சொல்லுங்க என்று ஒன்றொன்றாகச் சொன்னாள். பஸ் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாள்.

"மத்ததெல்லாம் எப்படியோ போவட்டும் டீச்சரம்மா. தண்ணிய மட்டும் மறந்துடாதீங்க. சொல்லிட்டு வாங்க."

சொல்கிறேன் அக்கா என்றேன். விக்கிரவாண்டி தாண்டும் வரை அதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். விடுதியில் டாக்டரும் இன்னும் இரண்டு பெரிய மனிதர்களும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் ஆங்கிலம். எனக்கும் ஒரு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் குழந்தை தண்ணி வேணுமா கண்ணு என்று கேட்டால் தண்ணீர் கொடுங்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பட்டிக்காடு என்று நினைப்பார்களோ என்று பயந்தேன். உண்மையான காரணம் அவ்வளவுதான். மறந்துபோனது என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருக்கும், ஆனால் நான் மறக்கவில்லை. குழந்தையின் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து, பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டே வந்தார்.

மூன்று வாரம் கழித்து, நிரப்பிய படிவங்களைக் கொடுக்க விழுப்புரம் போனேன். அப்படியே விடுதிக்கும் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. அங்கே குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் ஆயா ஒருவர் இருந்தார், நல்ல மனசுக்காரி. எந்தக் குழந்தை என்று சொன்னதுமே அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அந்தப் பொண்ணா? ரொம்ப நல்ல பொண்ணும்மா. வந்த நாள்லேந்து போறவங்க வர்றவங்களை எல்லாம் நிறுத்தி, 'தண்ணி வேணுமா கண்ணு'ன்னு கேக்கும். இத்தினி வயசுக்கு என்னை யாரும் கண்ணுன்னு கூப்புட்டதில்ல. வேணாம் கண்ணு, வேணாம் கண்ணுன்னு நானும் சொல்லிக்கினே இருப்பேன்."

தண்ணீர்ப் பானை எங்கே என்று கேட்டேன்.

குழந்தைகள் சிந்தி வீணாக்கிவிடுவார்கள் என்று கோடையில் குடிதண்ணீர்ப் பானையை உள்ளறையில் வைத்திருந்தார்கள். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் வைப்பார்கள். மற்ற நேரத்தில் கேட்கிற குழந்தைக்கு மொண்டு கொடுப்பார்கள். பேசாத குழந்தைகள்கூட பானையைக் காட்டியும், கையைப் பிடித்து இழுத்தும் வாங்கிக்கொள்ளும். இவளுக்குக் காட்டத் தெரியாது, யாரையும் தொடவும் மாட்டாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதைத் தப்பில்லாமல், மரியாதையாக, ஆள் ஆளாகப் போய்க் கேட்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றிருக்கிறார்கள். துணி துவைக்கும் தொட்டியில் வாயை வைத்துக் குடித்ததை ஒரு நாள் பார்த்து அதட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும்.

இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். படுத்திருக்கிறது என்றார் ஆயா. இப்ப நாலைந்து நாளாக அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, இடம் பழகிவிட்டது போலிருக்கிறது என்றும் சொன்னார்.

உள்ளே ஓடினேன். பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்து ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வாயருகே வைத்தேன். குடித்தாள். இன்னொரு டம்ளர், இன்னொன்று. நாலாவது டம்ளருக்கு நான் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, "தண்ணி வேணுமா கண்ணு?" என்று கேட்டேன். திருப்பிச் சொல்வாள் என்று நம்பினேன். சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னதும் ஆயா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. மாட்டிக்கொள்வேனோ என்கிற பயம்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கேட்டதைத் திருப்பிச் சொல்வதும், தன்னையே அடுத்த ஆள் மாதிரி வைத்துப் பேசுவதும்தான் இந்தக் குழந்தைகளிடம் தாங்கள் முக்கியமாகத் தேடுகிற அடையாளம் என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. என் படிவத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, "இங்கே ஏம்மா எழுதலை?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே அப்பா வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காய்ச்சல், அதனால் அனுப்புகிறோம் என்றுதான் அவரிடம் சொல்லப்பட்டது. சொன்னது நான்தான். தண்ணீர் விஷயத்தை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, மனசு கேட்காமல் அந்த ஊருக்குப் போனேன். தெருமுனையிலேயே குழந்தையின் அலறல் கேட்டது. கூடத்தில் அந்த அம்மா குழந்தையை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் தோளைக் கடித்துக்கொண்டு துடித்தது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மா பிடியை விடாமலே, தினமும் காலையிலும் சாயந்திரமும் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னாள். நான் பாசம் இல்லாமல் இருந்ததால்தானே இவளுக்கு இப்படி ஆனது, இனிமேல் விடமாட்டேன் என்றாள். அவள் கை, கழுத்தெல்லாம் நகக் கீறல். இப்போது தண்ணீர்கூடக் கேட்பதில்லை, அந்த ஒரு பேச்சும் போய்விட்டது, நானும் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன், என்னையே வெறுத்துவிட்டாள் போல என்றும் சொன்னாள். என்ன நடந்தது என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கட்டிப் பிடிக்காதீர்கள் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வேலையை விட்டேன். பிறகு கல்யாணம், அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, எனக்கே இரண்டு பிள்ளைகள். வருஷங்கள் ஓடின. ஒரு நாள் நூலகத்தில் ஒரு பத்திரிகையைப் புரட்டியபோது ஆட்டிசம் பற்றி ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. இது பிறவியிலேயே மூளையின் அமைப்பில் வருகிற வேறுபாடு, தாயின் பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அந்தப் பழைய கருத்தை ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ தள்ளிவிட்டார்கள் என்று எழுதியிருந்தது. நாங்கள் பயிற்சியில் குனிந்து எழுதிக்கொண்ட நாளிலேயே அது வெளிநாடுகளில் காலாவதியான சரக்கு. எங்களுக்கு வந்து சேர்ந்தது பழைய புத்தகம். தொடுவதுகூட சில குழந்தைகளுக்கு வலிக்கும் என்றும், கேட்டதைத் திருப்பிச் சொல்வது அவர்களுடைய பேச்சுதான், அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நூலகத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அப்போது வராத அழுகை, பதினைந்து வருஷம் கழித்து வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். அந்த அம்மாவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கணவர் தவறிவிட்டார் என்றாள். மகள் உள்ளே இருந்தாள். இருபது வயதைத் தாண்டிய பெண், அதே சுவரோரம், அதே ஆட்டம். அந்தக் கோடைக்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். பசியா, தாகமா, வலியா என்று எதுவும் தெரியாது, குத்துமதிப்பாக அம்மாதான் நேரத்துக்கு நேரம் வாயில் வைக்கிறாள். எனக்கப்புறம் யார் இப்படிக் குத்துமதிப்பாகப் பார்ப்பார்கள் என்று அந்த அம்மா கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். விடுதியில் நடந்தது, நான் எழுதாமல் விட்டது, நாற்காலியில் உட்கார்ந்து சொல்லக் கூசியது, எதையும் மறைக்கவில்லை. கட்டுரையில் படித்ததையும் சொன்னேன். உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை அக்கா, அப்போது எங்கள் யாருக்குமே இது தெரியாது என்றேன். அதைச் சொல்லும்போது, இத்தனை நாள் அவள் சுமந்ததை இறக்கி வைக்கிறேன் என்றுகூட எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது.

அவள் கத்தவில்லை, என்னைத் திட்டவுமில்லை. மகளைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியுமே," என்றாள். "உங்ககிட்ட ரெண்டு வாட்டி சொன்னனே, டீச்சரம்மா."

தெரியாமல் செய்த தப்பு என்றால் மன்னிப்பாவது கேட்கலாம். இது ஒருத்தி வாய்விட்டுச் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டபிறகும் செய்த தப்பு, இதற்கு என்ன கேட்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.